மிலிட்டரி லாரிக்கு இரண்டு சக்கரம்

போன ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் ஒரு டயர் கடையில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் கடைசிப் பேரனின் காருக்கு வீல் மாற்ற வேண்டுமாம். பழைய வீலுக்கு என்ன கேடு? ஒன்றும் இல்லை. பார்க்க நன்றாக இல்லையாம். அடுத்த வாரம் பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது, எனக்கு முடி வெட்டியாகிவிட்டது... பாக்கி இருந்தது கார்தான்.

கடைச் சுவர் முழுக்க வீல் மாட்டி வைத்திருந்தார்கள். ஐந்து கம்பி, ஏழு கம்பி, நட்சத்திரம், தாமரை. பையன் ஒவ்வொன்றையும் தள்ளி நின்று பார்க்கிறான். கிட்டே போய்த் தட்டிப் பார்க்கிறான். நானும் என் மனைவி சரோஜாவும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியில். கடைசியில் கடைக்காரருக்கே பொறுமை போய் என் பக்கம் திரும்பினார்.

“சார், உங்க காலத்துல ஒரு வண்டிக்கு சக்கரம் பார்த்து எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“நாற்பத்து மூணு நாள்” என்றேன்.

அவர் சிரித்தார். சரோஜா சிரிக்கவில்லை. அது விளையாட்டுக்குச் சொன்ன பதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஊர் காவாந்தண்டலம். எனக்கு இருபத்தைந்து வயது. வீட்டில் நிலம் இருந்தது, நெல் இருந்தது, எனக்குப் புத்திதான் கொஞ்சம் பற்றாக்குறை. மதராஸ் பக்கம் ஒரு மிலிட்டரி டிப்போவில் யுத்தகாலத்து லாரிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் பங்கில் ஒரு காணி நிலத்தை விற்றுவிட்டு ஏலத்துக்குப் போனேன்.

அந்த லாரிக்கு மூக்கே கிடையாது. சப்பை முகம். ஆனால் நாலு சக்கரத்துக்கும் இஞ்சின் இழுவை உண்டு. சேற்றில் இறங்கும், ஏறும். அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து ரோட்டுக்கு நெல் மூட்டை வந்து சேர்வதற்குள் மாடும் மனிதனும் படுகிற பாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த லாரி நேராகக் களத்துக்கே போகும், மூட்டையை ஏற்றிக்கொண்டு உத்திரமேரூர் ரைஸ் மில் வாசலில் போய் நிற்கும். இதைவிட நல்ல யோசனை உண்டா?

“கீது” என்றார் எங்கள் நைனா. “வித்த நெலத்த திரும்ப வாங்கறது.”

அதோடு அவர் என்னோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் எதுவாக இருந்தாலும் அம்மா வழியாகத்தான் வரும். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். “உம் புள்ளைக்கு கொயம்பு வேணுமான்னு கேளு” என்பார்.

லாரியை ஓட்டி வந்தவர் ஆரோக்கியம். ஊருக்குக் கிழக்கே இருந்த தெருக்காரர். அவருடைய அப்பா எங்கள் வயலில் கூலிக்கு வேலை செய்தவர். இவர் யுத்தத்தின்போது பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் இதே மாதிரி லாரி ஓட்டியவர். அந்தத் தெருவில் என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். நான் அவரை எப்படிக் கூப்பிட்டேன்? லாரிக்குள் இருக்கும்வரை ‘அண்ணே’. லாரியை விட்டு இறங்கினால் ‘ஆரோக்கியம்’. தெருவில் நாலு பேர் இருப்பார்களே... இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை.

வருஷக்கணக்காக டிப்போ வெயிலில் நின்ற லாரி. பின் டயர் இரண்டும் பரவாயில்லை. முன் டயர் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. ஒன்று செங்கல்பட்டு தாண்டியதும் போனது. ஒட்டுப் போட்டு, துணி திணித்து, மாட்டு வண்டிக்கு வழிவிட்டு ஊர் வந்து சேர்ந்தோம். எங்கள் வீட்டுக் கொல்லையில் திரும்பும்போது இரண்டாவதும் போனது. சத்தம் கேட்டு ஊரே கூடிவிட்டது. வேட்டு வைத்து லாரியை வரவேற்றோம் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ, இரண்டு பேர் கை தட்டினார்கள்.

நசுங்கிய சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டு முன் அச்சைத் தூக்கி நிறுத்த ஏதாவது வேண்டுமே. வீட்டில் இரண்டு கல் உரல் இருந்தது. உருட்டிக்கொண்டு வந்து அடியில் கொடுத்தோம். “ரெண்டு நாள்ல எடுத்துக்கோம்மா” என்றேன். அம்மா ஒத்துக்கொண்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது என் நாற்பத்து மூன்று நாள்.

புதுப்பேட்டை பழைய இரும்புக் கடைகளில் ஒரு வாரம் அலைந்தோம். ஒரு மலைபோல டயர் குவிந்து கிடக்கிறது, எங்களுக்கு வேண்டிய பதினாறு இஞ்ச் மட்டும் இல்லை. கடைக்காரர் ஒருவர் விஷயத்தைச் சொன்னார்.

“பதினாறு இஞ்ச் மிலிட்டரி சக்கரமா? அதெல்லாம் மாட்டு வண்டிக்கு பூட்ச்சிபா. இருவது இஞ்ச் கீது, எட்த்துக்கினு போ.”

உண்மைதான். அந்த நாளில் கொஞ்சம் வசதியான விவசாயிகள் கட்டைச் சக்கரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிலிட்டரி லாரியின் அச்சையும் சக்கரத்தையும் வாங்கி மாட்டு வண்டிக்குப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு டயர் வண்டி என்று பேர். மாட்டுக்கும் இழுப்பது சுலபம், உட்கார்ந்திருப்பவர் முதுகுக்கும் நல்லது. ஊரில் தனி மரியாதையும் உண்டு.

“அப்ப இருபது இஞ்சையே போட்டுடலாமே அண்ணே” என்றேன்.

“அச்சுல மாட்டற ஹப்ப அறுத்து ஒட்டணும். லோடு ஏத்துனா ஒட்டுனது பிச்சிக்கும்” என்றார் ஆரோக்கியம்.

“முன்னால மட்டும் பெருசா ஒரு சைஸ் போட்டா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது. “நாலும் ஒரே இஞ்சினுக்கு கட்டுப்பட்டது தம்பி. முன்னால ஒரு ஒசரம், பின்னால ஒரு ஒசரம் இருந்தா, சேத்துல எறங்குனதும் முன் சக்கரம் ஒண்ணு சொல்லும், பின் சக்கரம் ஒண்ணு சொல்லும். நடுவுல கீற கியர் பல்லு கொட்டிக்கும்.”

நைனாவும் அம்மா வழியாக ஒரு யோசனை அனுப்பினார். “கட்ட சக்கரம் போட்டா இன்னாவாம்? ஆசாரி நம்ம ஊர்லயே கீறாரு.”

அப்புறம் நாங்கள் சந்தைக்குச் சந்தை டயர் வண்டி தேடிப் போனோம். உத்திரமேரூர் சந்தையில் ஆரோக்கியம் ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் புகுந்து, டயரின் பக்கவாட்டில் இருக்கும் சேற்றைத் துடைத்து நம்பரைப் படிப்பார். வண்டிக்காரர்கள் திருடன் என்று விரட்டுவார்கள். ஒருவர் தார்க்குச்சியால் குத்தியே விட்டார். படித்ததில் பெரும்பாலும் இருபது இஞ்ச். இருக்கிற நாலைந்து பதினாறு இஞ்ச் டயரும் நூல் தெரியத் தேய்ந்தவை.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் எனக்குச் சாலவாக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. ‘பையன் லாரி ஓனர்’ என்று தரகர் சொல்லியிருந்தார். பொய் இல்லையே?

பெண் பார்க்கப் போனேன். சரோஜா காபி கொண்டுவந்து வைத்தாள். குனிந்த தலை நிமிராமல் இருப்பாள் என்று பார்த்தால் நேராக என் முகத்தைப் பார்த்தாள். “சக்கர போதுமா?” என்று கேட்டாள். போதும் என்று தலையாட்டினேன். சர்க்கரையே போடாத காபி அது என்பது அப்புறம்தான் உறைத்தது. அன்றைக்கே எனக்கு முடிவாகிவிட்டது... கட்டினால் இந்தப் பெண்தான்.

அந்த வீட்டு வாசலில் ஒரு டயர் வண்டி நின்றிருந்தது. அதன் சக்கரத்தில் கை வைத்துத்தான் நான் செருப்பைக் கழற்றியிருக்கிறேன். கவனிக்கவில்லை. பெண் பார்க்கப் போகிறவன் டயரையா பார்ப்பான்?

அவளுடைய அப்பாவை அப்போது நாங்கள் ‘சாலவாக்கத்தார்’ என்றுதான் சொல்வோம். ஏரிப் பாசனத்தில் நல்ல நஞ்சை. நல்ல மீசை. நாங்கள் கிளம்பும்போது என் தோளில் கை போட்டு, “அடுத்த வெள்ளிக்கெயம வூட்ட பாக்க வரோம். அப்டியே லாரியயும் பாத்துட்டு கை நனைச்சிட்டு வரோம்” என்றார்.

கை நனைப்பது என்றால் தெரியும் அல்லவா? சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், முழு சம்மதம் என்றால்தான் கை கழுவிக்கொண்டு இலையில் உட்காருவார்கள். கை நனைத்துவிட்டால் பெண் உனக்கு. நனைக்காமல் எழுந்து போனால் அதோடு சரி. வாயால் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமைக்கு ஏழு நாள். லாரி உரல்மேல் நிற்கிறது.

உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றார் ஆரோக்கியம். நான் கேட்டால்தானே? எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வைக்கோல் போரிலிருந்து பாதியைப் பிரித்துக்கொண்டு வந்து லாரியின் முன்பாகத்தைச் சுற்றி அடுக்கினேன். உரல் மறைந்தது. அச்சு மறைந்தது. சப்பை முகம் மட்டும் போருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. பின்பக்கம் நல்ல டயர் இரண்டும் பளிச்சென்று தெரியும்படி துடைத்து வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால், வெயில் படாமல் இருக்க லாரியை யாரோ பொறுப்பானவன் போருக்குள் நிறுத்தியிருக்கிறான் என்றுதான் தோன்றும்.

“மிலிட்டரில இதுக்கு பேரு கேமஃப்ளாஜ்” என்றார் ஆரோக்கியம். “எதிரிக்கு மறைக்கறது. சம்பந்திக்கு இல்ல.”

வெள்ளிக்கிழமை காலை சாலவாக்கத்தார் டயர் வண்டியில் நாலு பெரியவர்களோடு வந்து இறங்கினார். கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு போர்ல சொருவி வச்சிகீற?”

“வெயில்ல டயர் வெடிச்சிடும் மாமா.”

“பரவால்ல. பொறுப்பாதான் கீற” என்று நைனாவைப் பார்த்தார். நைனா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்ன இருந்தாலும் பெற்றவர்.

பேச்சு நன்றாகப் போனது. ஜாதகம் சரி. மண்டபம் எங்கே, முகூர்த்தம் எப்போது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. உள்ளே வடை வேகிற வாசனை. இலை போட்டாயிற்று. சாலவாக்கத்தார் மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கை கழுவச் செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

அங்கே என்ன நடந்திருக்கிறது என்றால், எங்கள் அம்மா விருந்தோம்பலில் ஒரு குறையும் வைக்காதவள். வந்த வண்டி மாடுகளைப் பார்த்ததும், “பாவம், தூரத்துல இருந்து வந்த மாடு. அந்த வைக்கோல்லயே கட்டுபா” என்று வண்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு மாடும் ஒரு மணி நேரமாக என் யோசனையைத் தின்றுகொண்டிருக்கின்றன. மாடு வைக்கோலை மேலிருந்து எடுக்காது, அடியிலிருந்து உருவும். உருவ உருவ மொத்தமும் சரிந்து விழுந்திருந்தது.

நடுக்கொல்லையில் லாரி, சக்கரம் இல்லாத முன் அச்சை இரண்டு உரலின்மேல் வைத்துக்கொண்டு நின்றது. இரண்டு மாடும் அசை போட்டபடி எங்களைப் பார்த்தன.

சாலவாக்கத்தார் செம்பைச் சாய்த்த நேரம். தண்ணீர் விளிம்பு வரை வந்துவிட்டது. அவர் செம்பை நிமிர்த்தினார். மெதுவாகக் குனிந்து கீழே வைத்தார்.

அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும். அரை விரல் தண்ணீர். அதற்குள் என் கல்யாணம் போய்விட்டது.

“உரல் மேல லாரி” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

 அந்த நேரம் பார்த்து வாசல் பக்கமிருந்து ஆரோக்கியம் வந்தார். இங்கே நடப்பது அவருக்குத் தெரியாது. முழங்கை வரைக்கும் சேறு.

“தம்பி, பதினாறு” என்றார். “அய்யா வண்டியோட சக்கரம் ரெண்டும் நம்ம சைஸ்தான். டயர் பூ கூட தேயல.”

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். ஒரு கதை கட்டியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இது.

“மாமா, உங்க வண்டி சக்கரம் ரெண்டையும் குடுக்கறீங்களா?”

சாலவாக்கத்தார் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். “பொண்ண கேக்க வந்தவன பாத்துகீறன். வண்டி சக்கரத்த கேட்டவன இப்பதான் பாக்கறன்” என்றார். மாட்டைப் பூட்டச் சொன்னார். கை நனைக்காமலே போய்விட்டார்கள்.

அம்மா சுட்ட வடையை மூன்று நாள் தின்றோம்.  மூன்றாவது நாள் நைனா ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக என்னிடம் நேராகப் பேசினார்.

“அவுங்க மாடு நல்ல மாடுடா.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. போன நிலத்துக்கு அழவில்லை, லாரிக்கு அழவில்லை. சர்க்கரை போடாத காபியை நினைத்துக்கொண்டு அழுதேன். உள்ளதைச் சொல்கிறேன், வெட்கம் என்ன?

நாலாவது நாள் காலை வாசலில் டயர் வண்டிச் சத்தம். சாலவாக்கத்தார். கூட இரண்டு ஆட்கள், ஒரு கடப்பாரை, ஒரு பெரிய ஸ்பானர். பதறிப்போய் எழுந்து நின்றேன். அவர் உட்காரக்கூட இல்லை.

“கயட்டிக்க. எங்க ஊரு வரைக்கும் ஓட்டி காமி. ஓடலன்னா திருப்பி மாட்டி குடுத்துடணும்.”

ஏன் மனம் மாறினார்? அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் மறுபடி மாறிவிட்டால்?

சக்கரத்தைக் கழற்றுகிற வேலையை அவர் தன் ஆட்களுக்கே கொடுத்தார். வலது சக்கரம் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. இடது சக்கரத்து நட்டுகள் அசையவில்லை. ஸ்பானரில் கடப்பாரையைக் கோத்து இரண்டு பேரும் தொங்கினார்கள். சாலவாக்கத்தாரே மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து தொங்கினார். நானும் தொங்கினேன். எண்ணெய் விட்டோம். வெந்நீர் ஊற்றினோம். ஆரோக்கியம் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் சாலவாக்கத்தார் மூச்சு வாங்கிக்கொண்டு, “இன்னாபா, நீ பாத்துக்கினே கீற” என்றார்.

“நல்லா இறுக்கிக்கினு கீறீங்கய்யா. அதான் தொந்தரவு பண்ணல.”

“இன்னாது?”

“மிலிட்டரி சக்கரம். எடது பக்கத்துக்கு மரை உல்டா. நீங்க தெறக்கறதா நெனச்சி சுத்தறது எல்லாம் மூடறது.” எழுந்து வந்து ஸ்பானரை எதிர்ப்பக்கம் வைத்து, கடப்பாரைமேல் ஏறி ஒரு மிதி மிதித்தார். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து இறுக்கியது அல்லவா, இரண்டு மிதி தேவைப்பட்டது. முதல் நட்டு கழன்றது.

“மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?”

“கேக்கலியேய்யா.”

சாலவாக்கத்தார் மீசையைத் தடவிக்கொண்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்க மறந்துபோனார்.

நாற்பத்து மூன்றாவது நாள், இரண்டு சக்கரமும் லாரிக்கு வந்தன. வண்டியை அப்படியே மண்ணில் விட முடியாதே. லாரிக்கு அடியிலிருந்து எடுத்த உரல் இரண்டையும் வண்டி அச்சுக்கு அடியில் கொடுத்தோம். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். “உரலு இந்த சென்மத்துல அடுப்பங்கரைக்கு வராதா?” என்றாள்.

ஆரோக்கியத்துக்கு இன்னும் திருப்தி இல்லை. கயிறு எடுத்து நாலு டயரையும் சுற்றி அளந்தார். வண்டி டயர் அவ்வளவாகத் தேயாதது, அதனால் பின் டயரைவிட ஒரு விரல் உயரம். 

“போச்சா?” என்றேன்.

“இல்ல தம்பி. பெருசா கீறதுல கொஞ்சம் காத்த எறக்கிட்டா போதும். சமமா நிக்கும்.” வால்வைக் குச்சியால் அழுத்தினார். புஸ்ஸென்று காற்று போனது. சாலவாக்கத்தார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரி கிளம்பியது. அதற்கு முன் ஒரு சிக்கல். முன்னால் இருப்பது ஒரே பெஞ்ச். ஓட்டுகிறவர் ஆரோக்கியம். சாலவாக்கத்தாரோ, தான் எதிரே வந்தால் அந்த மாதிரித் தெருக்காரர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்கிற ஊர்க்காரர். அவரோடு தோள் இடிக்க உட்காருவதா? “நான் பின்னால நின்னுக்கறன், காத்தோட்டமா இருக்கும்” என்று திறந்த லாரியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் முன்னால் உட்கார்ந்தேன். அவருடைய ஆட்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினார்கள்.

உத்திரமேரூர் தாண்டினோம். திரும்பிப் பார்த்தால் அவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு முழம் எழும்பி ஒரு முழம் இறங்குகிறார். சாலவாக்கத்துக்கு முன்னால் ஏரி நிரம்பி வழிகிற கலங்கலில் தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஒன்று இந்தப் பக்கமே நின்றுவிட்டது. பயணிகள் இறங்கி நிற்கிறார்கள். ஆரோக்கியம் ஒரு நெம்புகோலைத் தள்ளினார். நாலு சக்கரமும் பிடித்தன. தண்ணீரில் இறங்கி, அடிச்சேற்றை அரைத்துக்கொண்டு, நிதானமாக அந்தக் கரையில் ஏறினோம். நாலும் ஒரே உயரம். ஒரு பல்லும் கொட்டவில்லை.

கரை ஏறியதும் பின்னாலிருந்து டொம் டொம் என்று தட்டினார்கள். நிறுத்தினோம். சாலவாக்கத்தார் இறங்கி வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. என் பக்கக் கதவைத் திறந்து, “நீ பின்னால போ” என்றார்.

மீதி வழி முழுக்க நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன். முன்னால் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஹாரன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. மனிதர், ஆடு, மரம் எதுவும் இல்லாத இடத்திலும் கேட்டது. ஆரோக்கியம் வீணாக ஹாரன் அடிக்கிற ஆள் இல்லை.

சாலவாக்கத்தில் ஊரே கூடி நின்றது. தங்கள் பெரிய மனிதர் லாரியின் முன் பெஞ்சில், தலையில் துண்டோடு, ஆரோக்கியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டு வருவதை அவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அது அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. சட்டென்று இறங்கி, பழையபடி முறுக்கிக்கொண்டு, விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார்.

“வா, கை நனை” என்று என்னை மட்டும் கூப்பிட்டார். இலை இரண்டுதான் போட்டிருந்தது. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஆரோக்கியம் வெளியே லாரி நிழலில் குந்தி, முன் டயரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது பழக்கம்தான். கொல்லைப்பக்கமாக ஏதாவது கொண்டுவந்து கொடுப்பார்கள்.

செம்பு என் கையில். இத்தனை நாள் நான் ஏங்கிய தண்ணீர் அது. சாய்க்க வேண்டியதுதான் பாக்கி.

என்னால் முடியவில்லை. செம்பைக் கீழே வைத்தேன்.

“அண்ணன் வரட்டும் மாமா” என்றேன். லாரிக்கு வெளியே, நாலு பேர் காதில் விழ, அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரை அண்ணன் என்றேன்.

பெரிய தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள்.  அவர் இல்லாமல் திரும்பிப் போக எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

 சாலவாக்கத்தார் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரையில் ஒரு இலை வந்து விழுந்தது. என் இலைக்குப் பக்கத்தில், அதே வரிசையில். சரோஜா குனிந்து அதில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்தார். வாசல் பக்கம் திரும்பினார்.

“ஆரோக்கியம், கை கயுவிக்கினு வா. சோறு ஆறுது.”

எங்கோ புஸ்ஸென்று காற்று இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

கல்யாணம் ஆன பிறகு ஒரு நாள் சரோஜாவிடம் கேட்டேன், அந்த மூன்று நாளில் அவள் அப்பா மனம் எப்படி மாறியது என்று. அவள்தான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்: “வைக்கோல வச்சி மறைச்சான், சரி. மாட்டிக்கினதும் கத வுடாம சக்கரத்த கேட்டான் பாருங்க... மறைக்க தெரியாதவனுக்கு கட்டி குடுத்தா நான் நிம்மதியா இருப்பன்.”

சக்கரங்களை நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மஞ்சள் குங்குமம் வைத்து, சீரில் சேர்த்துவிட்டார். அவர் வண்டிக்கு ஆசாரி கட்டைச் சக்கரம் செய்து போட்டார். “நான் அப்பவே சொன்னன்” என்றார் நைனா. அந்த லாரி பதினோரு வருஷம் ஓடியது. ஆரோக்கியம் அண்ணன்தான் கடைசி வரை ஓட்டினார். என்ன சண்டை வந்தாலும் சரோஜா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்: “உங்க லாரி பாதிதான். மீதி பாதி எங்க நைனா வூட்டு சக்கரத்துல ஓடுச்சி.”

டயர் கடைக்கு வருவோம். பையன் ஒருவழியாகத் தாமரை போட்ட வீலைத் தேர்ந்தெடுத்துவிட்டான். “இதைப் போட்டாத்தான் பாட்டி, பொண்ணு வீட்ல மதிப்பாங்க” என்றான். கடைக்காரர் நாலையும் இறக்கச் சொன்னார்.

சரோஜா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“ரெண்டு மட்டும் மாட்டுபா” என்றாள். “மீதி ரெண்டு பொண்ணு வூட்டுல இருந்து வரும்.”

இத்தனை வருஷமாகியும் அவள் நைனா வீட்டு இரண்டு டயரில் மட்டும் இன்னும் காற்று இறங்கவில்லை.